ஒவ்ரிகள் விடைபெறுவதில்லை

"நீ சொல்லுததுதான் சரி" என்று ஜெனோவா சொன்னதும் மங்கையர்க்கரசிக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை, ஏனென்றால் இந்த அறைக்கு இருவரும் குடிவந்த நாளிலிருந்து அந்த வாக்கியம் அந்த வாயிலிருந்து வந்ததே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆராய்ச்சி மாணவியர் விடுதி சாப்பிட்ட மயக்கத்தில் கிடந்தது. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் மடிக்கணினி, அதில் நெடுவழி நிலையம் தொடர் ஓடிக்கொண்டிருந்தது, விண்வெளியில் ஒரு நிலையம், அதற்கு வந்து போகிற நூறு கிரகத்து ஜனங்கள், மூன்றாவது தடவையாக முதல் பாகத்திலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறார்கள், இன்றைக்கு ஒவ்ரிகள் என்கிற கிரகத்தார் வருகிற பாகம். இந்தப் பாகம் வந்தால் சண்டை வரும், வந்தே ஆக வேண்டும், அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அரசி வழக்கம்போலத் தன் கட்சியை எடுத்து வைத்தாள்: இந்தத் தொடரில் வருகிற மற்ற வேற்றுக்கிரகத்தார் எல்லாம் சுத்த ஏமாற்று, வியாபாரக் கிரகம் என்றால் கைக்குழந்தை வரைக்கும் வியாபாரி, வீரக் கிரகம் என்றால் சமையல்காரன்கூட வாளை வைத்துத்தான் வெங்காயம் உரிக்கிறான், ஒரு கிரகம் முழுக்க ஒரே குணமாம், அவள் பிறந்த செல்லூர்த் தெருவில் பொங்கல் பானையை எந்த நேரத்தில் ஏற்றுவது என்பதிலேயே நாலு கட்சி இருக்கிறது, மானுடவியல் படிக்கிற ஒருத்தி இதை எப்படிப் பொறுத்துக்கொண்டு பார்ப்பது, ஒவ்ரிகள் மட்டும்தான் நம்பும்படியான ஜனம், அவர்கள்தான் தங்கள் வழக்கத்தைப் பற்றித் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்கிறார்கள், அதை மீறுகிறார்கள், மீறிவிட்டு மீறவில்லை என்று பொய் சொல்கிறார்கள், அதற்குப் பெயர்தானே சமூகம். இதற்கு ஜெனோவாவிடம் எப்போதும் ஒரு பதில் உண்டு. மணப்பாட்டுக்காரி, கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவள், நண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள், "அப்படி ஒரு ஜனம் இருக்க முடியாதுட்டி, இருந்தா ஒரு மழைக்காலம் தாண்டாது" என்று ஆரம்பித்தாளானால் இரண்டு பேருக்கும் தொண்டை கட்டுகிற வரைக்கும் ஓயாது. இன்றைக்கு அவள் அரசியின் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே, திரையைப் பார்த்தபடி, ரொம்ப சாதாரணமாக, நீ சொல்லுததுதான் சரி என்றாள். அரசியின் துணிகளை. தன்னுடையதைக் கொடியில் அப்படியே விட்டிருக்கிறாள்.

அரசி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே பார்ப்பது எப்படி என்று இந்த ஒரு வாரத்தில் பழகியிருந்தாள், கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு காதையும் தோலையும் மட்டும் ஜெனோவாவின் பக்கம் திருப்பி வைப்பது. திரையில் அலைகள் ஏறி இறங்குகிற அந்தக் கிரகம் வந்தது, கதவே இல்லாத வீடுகள், முழங்காலளவு தண்ணீரில் நின்று வலை அலசுகிற சாம்பல் நிற மனிதர்கள். நிலையத்திலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரரிடம் ஒரு ஒவ்ரி, தமிழ்க்குரல் கொடுத்தவரின் கரகரப்பில், "நாங்கள் விடைபெறுவதில்லை, மனிதரே" என்று சொன்னது. போகிறேன் என்று வாயால் சொல்வது ஒவ்ரிகளிடத்தில் பெரிய அவமதிப்பு, உன்னை விட்டும் என்னால் இருக்க முடியும் என்று முகத்திலடித்தாற்போலச் சொல்வதாம், அதனால் வேறு தீவுக்கு ஒரேயடியாகப் போகப்போகிறவர், போவதற்கு முந்தின நாட்களில், இருக்கப்போகிறவரின் வேலைகளையெல்லாம் தானே எடுத்துப்போட்டுச் செய்வார், வலை பின்னுவார், பாசி வழிப்பார், கூரை ஒட்டுவார், இருப்பவரும் எதுவும் கேட்காமல் செய்யவிட வேண்டும், ஒரு நாள் அலை இறங்கும்போது ஆள் இருக்க மாட்டார். ஆகவே ஒவ்ரிகளின் ஊரில் ஒருவர் திடீரென்று அன்பாக நடந்துகொண்டால் மற்றவர் பயப்பட வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜெனோவா தன் வீட்டுக் கருவாட்டுத் தொக்குப் பாட்டிலை அரசியின் அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள், உனக்குத்தான் பிடிக்கும்லா என்று, அதுவரைக்கும் அந்தப் பாட்டிலைத் தொட்டால் கையை வெட்டுவேன் என்றவள். அப்புறம் மின்விசிறியின் இறக்கையைத் துடைத்தாள். அப்புறம் பை. அரசியின் ஜோல்னாப் பையின் வார் ஒரு வருஷமாக அறுந்து ஊக்கில் தொங்கிக்கொண்டிருந்தது, நேற்று நூலகத்திலிருந்து வந்து பார்த்தால் வலை பின்னுகிற நீல நைலான் நூலில், மீன்காரர் முடிச்சுப் போட்டு, யானையே இழுத்தாலும் வராத மாதிரித் தைத்து வைத்திருந்தது. அரசி நன்றி சொல்லவில்லை. பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டபோது அவளுக்கு வந்தது நன்றி இல்லை. இப்போதும் அது மடியில்தான் இருக்கிறது.

சும்மா இருக்கலாம், ஒரு மனுஷி இன்னொரு மனுஷிக்குப் பை தைத்துக் கொடுப்பது ஒரு குற்றமா, என்று அவள் தனக்கே எதிர்க்கட்சியாக நின்று வாதாடிப் பார்த்தாள், எந்த விவாதத்திலும் இரண்டு பக்கத்தையும் அவளால் பேச முடியும், ஆனால் அந்தத் தொலைபேசியை என்ன செய்வது. வியாழக்கிழமை தாழ்வாரத்தில் ஜெனோவா வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, "ஆமா சார், சரி சார், இல்ல சார், அவகிட்ட இன்னும் சொல்லல" என்றாள். அவகிட்ட. உலகத்தில் எத்தனையோ அவள்கள் இருக்கிறார்கள், ஆய்வக உதவியாளர் ஒரு அவள், ஜெனோவாவின் அக்காள் ஒரு அவள். கல்யாணமாக இருக்குமோ என்று முதலில் நினைத்தாள், கப்பலில் வேலை பார்க்கிற யாராவது ஒருவன், ஆனால் மாப்பிள்ளையை யாரும் சார் என்பதில்லை. வியாதியாக இருக்குமோ என்று ஒரு ராத்திரி. அதைவிட மோசமான ஒன்று அதற்கப்புறம்தான் வந்தது, வந்த பிறகு போகவே இல்லை: அறை மாற்றம். வார்டனைத்தான் சார் என்கிறாளோ, வார்டன் பொம்பளையாயிற்றே, அலுவலகத்தில் இருக்கிறவரையோ. அரசியோடு ஜெனோவாவுக்கு முன்னால் வேறு அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் ஒரு பருவம் தாண்டவில்லை, ஒருத்தி போகும்போது, "உங்க கூட இருந்தா பல்லு தேய்க்கிறதுக்குக்கூட காரணம் சொல்ல வேண்டியிருக்கு" என்று எழுதியே கொடுத்துவிட்டுப் போனாள். அந்த வாக்கியத்தில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை என்பதுதான் அரசிக்கு எரிச்சல். சண்டைக்கு நிற்கிற பெண்ணை எல்லாரும் ஒரு விவாத மேடையில் கைதட்டி ரசிப்பார்கள், பக்கத்துக் கட்டிலில் வேண்டாம் என்பார்கள். பக்கத்துக் கட்டிலில் கிடந்துகொண்டு, கொசுவலைக்குள்ளிருந்து, விளக்கணைத்த பிறகும், "அரசி, தூங்கிட்டியா, நீ முதல்ல சொன்னதுல ஒரு ஓட்டை இருக்கு" என்று சொன்ன ஒரே ஆள் ஜெனோவா. அவளே ஒத்துக்கொண்டு போகிறாள் என்றால் அலுத்துவிட்டாள் என்று அர்த்தம், அல்லது போகப்போகிறாள் என்று அர்த்தம், இரண்டுக்கும் நடுவில் இடம் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

அப்பாவும் விட்டுக்கொடுத்தார். கேரம் விளையாட்டில். அதுவரைக்கும் பதினோரு வயசுப் பிள்ளையென்று பார்க்காமல் சிவப்புக் காயைக் கடைசிவரை மறித்து வைத்து அடிக்கிறவர், அந்த வாரம் முழுக்க விட்டுக்கொடுத்தார், குறி தவறுகிற மாதிரி தவறினார், அவள் ஜெயித்தாள், தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதே வாரத்தில் ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்றினார், அவள் சைக்கிளுக்கு பிரேக் கட்டை போட்டார், சத்தம் போடுகிற மின்விசிறியைக் கழற்றிக் கழுவி மாட்டினார், வீடே புதிசாக ஆனது, அம்மா அடுப்படியில் பாட்டு முனகினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு நாள் செருப்பு வைக்கிற இடத்தில் செருப்பு இல்லை. மஸ்கட்டுக்குப் போய்விட்டார், தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்று சொன்னாராம். போனவர் அங்கேயே வேறொரு வாழ்க்கைக்குப் பழகிவிட்டார், தீபாவளிக்குப் பேசுவார், அப்புறம் அதுவும் இல்லை. அந்த மாசம்தான் சாயங்கால நேரத்தில் தொலைக்காட்சியில் தமிழில் பேசிக்கொண்டு ஒவ்ரிகள் வந்தார்கள். அவள் பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து பார்த்தாள், சரி, இதுதான் விஷயம், அப்பா ஒரு ஒவ்ரி, அவர் ஓடிப்போகவில்லை, முறைப்படி போயிருக்கிறார், வாஷர் மாற்றியிருக்கிறார், பிரேக் போட்டிருக்கிறார், கேரத்தில் விட்டுக்கொடுத்திருக்கிறார், நமக்குத்தான் அந்த முறை தெரியவில்லை. ஒரு பதினோரு வயசுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல விளக்கத்தை யார் கொடுத்தார்கள், அம்மாவா, சித்தப்பாவா, அந்தத் தெருவா. ஆகவே அவள் அந்த ஜனத்தை விட்டுக்கொடுக்க மாட்டாள். நம்பும்படியான கலாச்சாரம் என்று கருத்தரங்கில் பேசும்போது அவள் காட்டுகிற ஆதாரங்கள் வேறு, வைத்திருக்கிற ஆதாரம் இது ஒன்றுதான், இதை ஜெனோவாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

முதல் வருஷம் கிறிஸ்மஸுக்கு ஜெனோவா பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று போயிட்டு வாரேம் என்றபோது, இந்த ரூம்ல ஒவ்ரி சட்டம், விடைபெறுதல் கிடையாது, என்று பேசிக்கொண்டார்கள், இருவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே போட்ட சட்டம்தான் அது, அப்படித்தான் ஞாபகம். அதிலிருந்து விடுமுறைக்கு விடுமுறை ஜெனோவா இருப்பாள், அரசி குளித்துவிட்டு வந்து பார்த்தால் இருக்க மாட்டாள், அதில் ஒரு அழகு இருப்பதாக அரசி நினைத்திருந்தாள். சட்டப்படி பகலில் கதவுக்குத் தாழ்ப்பாளும் கிடையாது, அதனால்தான் இப்போது அடுத்த அறை ஷர்மிளா தட்டாமலே தலையை மட்டும் உள்ளே நீட்டிக் கேட்டாள், "ஜெனோக்கா, அந்த ஜன்னலோரக் கட்டில்ல மூட்டைப்பூச்சி எதுவும் இல்லல்ல, எங்கம்மா கேக்கச் சொன்னாங்க." "பிறகு வாட்டி, படம் பாக்கோம்லா" என்றாள் ஜெனோவா. ஷர்மிளா அரசியைப் பார்த்தாள், பார்த்த மாத்திரத்தில் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு, சரிக்கா என்று போய்விட்டாள். ஜன்னலோரக் கட்டில் ஜெனோவாவின் கட்டில். அங்கிருந்து பார்த்தால் நாகமலையின் வால் தெரியும். அரசிக்குக் காது சுட்டது. ஷர்மிளாவுக்குத் தெரியும், ஷர்மிளாவின் அம்மாவுக்குத் தெரியும், மூட்டைப்பூச்சிக்குக்கூடச் சொல்லியிருப்பாள் போல, சொல்லாமல் விட்டது ஒரே ஒரு ஆளிடம். இதைத்தான் அவள் சகிக்க மாட்டாள், போவது அவரவர் உரிமை, அதில் யாரும் தலையிட முடியாது, ஆனால் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு உள்ளே இருப்பவளுக்குத் துணி மடித்துக் கொடுப்பதற்கு என்ன பெயர். அவள் அதற்கு ஒரு பெயர் தேடினாள், கிடைத்ததெல்லாம் அப்பாவுக்கும் பொருந்துகிறதாக இருந்தது, ஆகவே விட்டுவிட்டாள்.

திரையில் தெய்ஷா வந்தாள். இரண்டு சகோதரிகள், தெய்ஷா இருக்கப்போகிறவள், ரூனா போகப்போகிறவள், ரூனா இரவெல்லாம் உட்கார்ந்து தெய்ஷாவின் வலையைப் பின்னி வைக்கிறாள், விடிந்ததும் தெய்ஷா அந்த வலையைத் தண்ணீருக்கு எடுத்துக்கொண்டு போய், யாரும் பார்க்காத இடத்தில், பல்லால் கடித்து அறுக்கிறாள். மறுபடி ரூனா பின்னுகிறாள். மறுபடி தெய்ஷா அறுக்கிறாள். நிலையத்து ஆராய்ச்சிக்காரர் இதைக் கோபம் என்று பதிவு செய்கிறார், அரசியும் இந்த அறையில் இரண்டு தடவை பார்த்தபோதும் கோபம் என்றே எழுதி வைத்தாள், வழக்கத்துக்கு எதிரான கலகம் என்று அதற்கு ஒரு தலைப்புகூடக் கொடுத்தாள். இந்தத் தடவை தெய்ஷாவின் வாயோரத்தில் நூல் தொங்குவதைப் பார்த்தபோது, அட மக்கு, என்று தன்னையே திட்டிக்கொண்டாள், யார் மேல் கோபம், எங்கே கலகம், வேலை மிச்சமிருக்கிற வரைக்கும் ரூனா போக முடியாது, அவ்வளவுதான், இதற்கு இத்தனை தடவை பார்க்க வேண்டியிருந்திருக்கிறது. குழாயை மறுபடி ஒழுக விட்டிருக்கலாமோ. பதினோரு வயதில் ஒரு வாஷரைப் பிடுங்கிப் போடுவதற்கு எவ்வளவு பலம் வேண்டும். கேரத்தில் தோற்றிருக்கலாம், சிவப்பை வேண்டுமென்றே விட்டிருக்கலாம், அப்பா, இன்னொரு ஆட்டம் என்றிருக்கலாம். இதெல்லாம் அபத்தம், விமானச் சீட்டு வாங்கியவர் வாஷருக்காக நிற்க மாட்டார், வழக்கமும் இல்லை, முறையும் இல்லை, அவர் ஒவ்ரி இல்லை, சொல்லத் தைரியமில்லாத ஒரு செல்லூர்க்காரர், அவ்வளவுதான், என்று இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இந்த மத்தியானத்தில் அவளுக்குப் பட்டபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, மின்விசிறி சுற்றியது, துடைத்த இறக்கை, சத்தமே இல்லை. கட்டைவிரல் நகத்தில் மட்டும் ஏதோ வலி. குனிந்து பார்த்தாள். மடியில் கிடந்த பையின் வாரை அவள் நகம் எப்போதிருந்து கிள்ளிக்கொண்டிருந்ததோ, நீல நூல் பாதிக்கு மேல் பிரிந்து, யானை இழுத்தாலும் வராத முடிச்சு ஒன்று அவிழ்ந்து விரலைச் சுற்றிக் கிடந்தது.

ஜெனோவாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் அரசியின் பச்சைச் சுடிதார், பாதி மடிப்பில்.

"நேத்துதான தச்சேன்."

"தெரியும்."

"பல்லு ஒண்ணுதான் வைக்கல நீ."

அரசி சிரிக்கவில்லை. "எங்கடி போற?"

"கேக்கக் கூடாதுல்லா. சட்டம்."

"நான் கேக்குறேன். ஷர்மிளாவோட அம்மாவுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியக் கூடாதா? நாம ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட சட்டத்த வச்சு என்னையே மடக்குறியா?"

ஜெனோவா சுடிதாரைக் கட்டிலில் போட்டாள். "நாமளா? ஏ அரசி, அது நீ போட்டது. நான் கிறிஸ்மஸுக்குப் பையத் தூக்கிட்டு நின்னு, போயிட்டு வாரேம்னேன். நீ திரும்பிப் பாத்தே. அந்த மூஞ்சிய எனக்கு இன்னும் மறக்கல. சிரிச்சது நான்தான், நீ சிரிக்கல. சரி, இவளுக்கு என்னமோ இது வேணும் போலன்னு விட்டுட்டேன். மூணு வருஷமா நீ குளிக்கப் போற நேரமாப் பாத்து, செருப்பக் கையில தூக்கிட்டு, களவாணி கணக்கா ஓடுதேன். பஸ் ஸ்டாண்டுல போய் நின்னு அழுதிருக்கேன், தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. அந்த அழகை அரசி இந்தப் பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறாள். நம்பாத வழக்கத்தை இன்னொருத்திக்காக மூன்று வருஷம் கடைப்பிடிப்பவர்களைப் பற்றி அவள் பாடத்தில் எங்கேயும் ஒரு சொல் கிடையாது, அல்லது இருந்து இவள்தான் படிக்கவில்லை.

"எங்க கைடு சார் கோவாவுக்கு மாறிப் போறாரு" என்றாள் ஜெனோவா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "லேபே அங்க போவுது, என் நண்டும் போவுது. வெள்ளிக்கிழம ரயிலு. அவகிட்ட சொல்லிட்டியான்னு அவரு தினமும் கேக்காரு. ஒன் சட்டப்படி சொல்லக் கூடாது, சொல்லாமப் போவ எனக்கு வரல. அதான் துணியத் துவைச்சு, ஃபேனத் தொடச்சு, எதாவது ஒண்ணுல நீயே கண்டுபிடிச்சுக் கேப்பேன்னு பாத்தேன். எங்கூர்ல ஒருத்தன் சொல்லாமப் போனாம்னு வையி, படக எடுத்துட்டுக் கடல்ல தேடப் போயிருவாங்க. ஊரே போவும். அதாம்ட்டி அப்பம்பிடிச்சே சொல்லுதேன், அப்படி ஒரு ஜனம் இருக்க முடியாதுன்னு."

திரையில் அலை இறங்கிக்கொண்டிருந்தது. அரசி கையை நீட்டி அதை நிறுத்தினாள். தெய்ஷா பாதித் தண்ணீரில் நின்றாள், திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால். இனி அவள் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

"பையக் குடு, தச்சுருதேன்" என்றாள் ஜெனோவா. ஊசி எடுக்க எழுந்தும்விட்டாள்.

"தொடாத." அரசி பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "பொங்கலுக்கு வரும்போது தச்சுக் குடு. அதுவரைக்கும் ஊக்கு போட்டுக்கிறேன். வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு நானும் வர்றேன், நீ வண்டில ஏறி நின்னு, வாயத் தொறந்து சொல்லிட்டுத்தான் போகணும்."

"சரி."

"அப்புறம் இன்னொண்ணு. சரின்னு சொல்லாத. இப்ப ஒத்துக்கிட்டேல்ல, நான் சொல்றதுதான் சரின்னு, அத வாபஸ் வாங்கு."

ஜெனோவா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், தலையணையை இழுத்து மடியில் வைத்தாள், சண்டைக்கு அவள் உட்காருகிற விதம் அதுதான்.

"மொதல்ல" என்றாள், "அலை ஏறி எறங்குத ஊர்ல, கதவில்லாத வீடு எவம்ட்டி கட்டுவான்?"

அரசியிடம் பதில் இருந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்குகிற பதில்.